தேவாமிர்தம் என்றார்

முதல் கவளம் வாய்க்குள் போனதுமே கோமளாவுக்குத் தூக்கிவாரிப்போட்டது. உப்பு. கை தவறி ஒரு கல் கூடுதலாக விழுந்துவிட்ட உப்பு இல்லை, நாக்கைப் பிடித்து உள்ளே இழுக்கிற உப்பு, காதுவரைக்கும் ஏறுகிற உப்பு. துப்பலாம் என்றால் பெருமாளுக்குக் காட்டின பண்டம், துப்ப மனசு வரவில்லை. கண்ணை மூடிக்கொண்டு விழுங்கினாள், சொம்புத் தீர்த்தத்தில் பாதியைக் குடித்தாள், குடித்த பிறகும் பல்லிடுக்கில் உப்பு நின்றது. வெண்டைக்காய்க் குழம்பு. நிறம் நன்றாகத்தான் இருக்கிறது, பெருங்காய வாசனை நன்றாகத்தான் இருக்கிறது, பார்த்தால் சாதுவாகத்தான் இருக்கிறது. அடுத்த கவளத்துக்குச் சாதத்தை ஒதுக்கியபோதுதான் அந்த நினைப்பு வந்தது, வந்ததும் கை தட்டிலேயே நின்றுவிட்டது. இந்தக் குழம்பைத்தானே சற்று முன்னால் அவர் சாப்பிட்டார். இரண்டாம் தரம் கேட்டு வாங்கிக்கொண்டார். மூன்றாம் தரம் பாத்திரத்தையே தன் பக்கம் நகர்த்தி வழித்துப் போட்டுக்கொண்டார். போட்டுக்கொண்டு, தலையை நிமிர்த்தி அவள் முகத்தைப் பார்த்து, தேவாமிர்தம் என்றார்.

அவர் என்றால் சௌரிராஜன், கோமளாவின் அகத்துக்காரர், ரயில்வேயிலிருந்து ஓய்வு பெற்றவர், இப்போது கூடத்துக் கட்டிலில் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டு மெல்லிசாகக் குறட்டை விடுகிறவர். பேச்சுக்கு வரி போட்டிருக்கிறார்கள் என்று நம்புகிற மனிதர். அப்பேர்ப்பட்டவர் வாயிலிருந்து அந்தச் சொல் வருவது சாமானியமா? மாப்பிள்ளை எல்லாவற்றுக்கும் சூப்பர் என்பான், அடைக்கும் சூப்பர், ஊறுகாய்க்கும் சூப்பர், புனேயில் மழை பெய்தால் அதுவும் சூப்பர், அந்தச் சூப்பரை வைத்துக்கொண்டு ஒரு கீரைக்கட்டு வாங்க முடியாது. இவர் அப்படி இல்லை. அதுவும் இந்த வீட்டில் ரசத்துக்கே சாத்தமுது என்று பெயர், கறி கறியமுது, பாயசம் திருக்கண்ணமுது, எல்லாமே பிறக்கும்போதே அமுதாகப் பிறந்தவை, அதற்கு மேலே ஒருவர் புகழ வேண்டுமென்றால் தேவலோகத்துக்குத்தான் போயாக வேண்டும். தேவர்கள் சாகாமல் இருக்கக் குடித்தது. அதற்கப்புறம் சொல் கிடையாது, அதுதான் உச்சி. அந்த உச்சியைக் கொண்டுவந்து இந்த உப்புக் கரைசலின் தலையில் வைத்திருக்கிறார். குழம்பு விட்டுக்கொண்ட கிண்ணத்தைப் பார்த்தாள். எதிர் ஃப்ளாட் நிவேதா, பிள்ளையாண்டிருக்கிற பெண், மாமி உங்க குழம்பு வாசனை வந்தா வாயில ஜலம் ஊறறது என்று கேட்டாளே என்று பெருமாளுக்குக் காட்டினதும் சட்டியிலிருந்து முதலிலேயே ஒரு கிண்ணம் எடுத்து மூடி வைத்திருந்தாள். அந்தப் பெண் வீடு பூட்டிக் கிடக்கிறது. இங்கே பாத்திரம் காலி. சரி, சாயங்காலம் வேறு ஏதாவது பண்ணிக் கொடுக்கலாம் என்று அதைத் தன் தட்டில் விட்டுக்கொண்டாள், அதனால்தான் தெரிந்தது. நிவேதா வீட்டில் இருந்திருந்தால்? மசக்கைக்காரப் பெண், என்ன ஆகியிருக்கும். அவருக்கு என்ன ஆகும்? பிரஷர் மாத்திரை சாப்பிடுகிற மனுஷர், டாக்டர் அப்பளத்தையே நிறுத்தச் சொல்லியிருக்கிறார், ஒரு சட்டி உப்பு உள்ளே போயிருக்கிறது. குறட்டை நின்ற மாதிரி இருந்தது. காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்தாள். ஃபிரிட்ஜ் உறுமியது, கீழே யாரோ ஸ்கூட்டரை உதைத்தார்கள், பிறகு குறட்டை வந்தது. அப்பாடா என்று மூச்சு விட்டாள். உப்பு மட்டும் தொண்டையை விட்டு இறங்கவில்லை.

தளிகை பண்ணும்போது வாயில் வைத்துப் பார்ப்பது என்பது இந்த வீட்டில் கிடையாது, பிறந்த வீட்டிலும் கிடையாது. முகர்ந்துகூடப் பார்க்கக் கூடாது. கைதான் அளவு, கண்தான் நாக்கு. எல்லாம் ஆனதும் பெருமாளுக்குக் காட்ட வேண்டும், பெருமாள்தான் முதலில் சாப்பிடுகிறவர், அவர் இதுவரைக்கும் உப்பு கூடிப் போச்சு என்று யாரிடமும் சொன்னதில்லை. அடுத்த நாக்கு இவருடையது. ஆக இவர் வாய் திறந்து சொன்னால்தான் கோமளாவுக்குத் தான் என்ன பண்ணியிருக்கிறோம் என்பதே தெரியும். பரீட்சை எழுதிவிட்டு வாத்தியார் முகத்தைப் பார்க்கிற மாதிரி தினமும் அவர் முகத்தைப் பார்ப்பாள். அநேகமாக ஒன்றும் சொல்ல மாட்டார். சாப்பிடுவார், எழுந்திருப்பார், கை அலம்புவார். என்றைக்காவது ஒரு நாள் சொல்வார், அந்த நாளைக் கோமளா பட்டுப்புடவை மாதிரி மடித்து வைத்துக்கொள்வாள். முதல் தரம் சொன்னது கல்யாணமாகி வந்த புதிதில், திருவல்லிக்கேணி ஒண்டுக்குடித்தனத்தில், அவள் தனியாகப் பண்ணின முதல் தளிகை. கொத்தவரங்காய்ப் பருப்புசிலி. சமையலுள் வாசலில் மாமியார் நின்றுகொண்டிருந்தாள், இடுப்பில் கை, கண்ணில் ஊசி. இவர் ஒரு வாய் வைத்தார், அம்மாவுக்குக் கேட்கிற மாதிரி உரக்கவே தேவாமிர்தம் என்றார், அம்மாவுக்குக்கூட மிச்சம் வைக்காமல் சாப்பிட்டு முடித்தார். மாமியாரின் முகம் போன போக்கு இன்னும் கண்ணிலேயே நிற்கிறது. பிறகு, அப்பா காலமாகிப் பதிமூன்றாம் நாள் முடிந்து திரும்பி வந்து மறுபடி அடுப்பு மூட்டின அன்றைக்குச் சொன்னார். பெண் பார்கவியைப் புக்ககம் அனுப்பிவிட்டு வந்து, வெறிச்சென்று கிடந்த வீட்டில், என்ன கிளறினோம் என்று தெரியாமல் ஒரு திருக்கண்ணமுது கிளறினாளே, அன்றைக்கும் சொன்னார், சட்டியைச் சுரண்டிச் சாப்பிட்டார். அழுகிற பெண்டாட்டியை எப்படித் தேற்றுவது என்று இந்த மனுஷருக்குத் தெரியாது, இதுதான் தெரியும் என்று அன்றைக்கு நினைத்துக்கொண்டாள். இப்போதெல்லாம் அடிக்கடி சொல்கிறார். வயசாக ஆகப் பிரியம் கூடுகிறது போலிருக்கிறது என்று பார்கவியிடம் போனில்கூடச் சொன்னாள், உங்கப்பா இப்பல்லாம் வாய் திறந்து சொல்றாடி, ஒரு துளி மிச்சம் வெக்கறதில்ல, நான் சாத்தமுதை வெச்சுண்டுதான் சாப்பிடறேன். சொல்லும்போது எத்தனை பெருமை. பார்கவி அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்து, சந்தோஷம்மா என்றாள்.

இப்போது அந்தப் பெருமையெல்லாம் வேறு மாதிரி தெரிய ஆரம்பித்தது, அதுதான் பயமாக இருந்தது. அடிக்கடி சொல்கிறார், அளவு தெரியாமல் சாப்பிடுகிறார், உப்பு தெரியவில்லை. அவருடைய அண்ணா வரதனுக்கு இப்படித்தானே ஆரம்பித்தது. தாம்பரத்தில் ஓர்ப்படி சுகந்தா சொல்லிச் சொல்லி அழுதாளே, ஊசின பச்சடியை நன்னா இருக்குன்னு சாப்பிட்டார் கோமளா, நான் சிரிச்சேன், சிரிச்சுட்டேனே கோமளா என்று. முதலில் வாசனை போயிற்று, பிறகு ருசி போயிற்று, பிறகு கேட்டதையே கேட்டார், பிறகு ஒரு நாள் சுகந்தாவைப் பார்த்து நீங்க யாராத்து மாமி என்று மரியாதையாக விசாரித்தார். இப்போது ஜன்னலோரம் உட்கார்ந்து சட்டைப் பித்தானைப் போடுகிறார், அவிழ்க்கிறார், போடுகிறார். சில பேருக்கு மூக்கும் நாக்கும்தான் முதலில் போகும் என்று அந்த நரம்பு டாக்டர் சொன்னாராம். ஒரே ரத்தம். ஒரே அம்மா வயிற்றுப் பிள்ளைகள். கேட்டதையே கேட்கிறதும் இவரிடம் இருக்கிறதே. கேஸை அணைச்சியோ, கேஸை அணைச்சியோ என்று கொஞ்ச நாளாக இதே கேள்வி, அணைச்சாச்சுன்னா என்று சொன்ன பிறகும் தீர்த்தம் குடிக்க வருகிற சாக்கில் சமையலுள்ளுக்கு வந்து குமிழைத் தொட்டுப் பார்க்கிறார். வாசல் கதவைத் தாழ்ப்பாள் போட்ட பிறகு எழுந்து போய் இன்னொரு தரம் பார்க்கிறார். முன்னெல்லாம் இடியே விழுந்தாலும் எழுந்திருக்காதவர். அப்புறம் வெள்ளிக்கிழமை. வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஒரு டாக்டரைப் பார்க்கணும், நீயும் கூட வா என்று போன வாரம் பேப்பரைப் படித்துக்கொண்டே சொன்னார். என்னத்துக்கு என்றால் சும்மா ஒரு செக்கப் என்றார். எந்த டாக்டர் என்றால் அண்ணாவைப் பார்க்கிறவர்தான் என்றார், அந்தப் பக்கத்தைத் திருப்பினார். அன்றைக்கே புரிந்திருக்க வேண்டாமா, மண்டூகம். அவருக்கே தெரிந்திருக்கிறது. தெரிந்து தனியாக வைத்துக்கொண்டு, ராத்திரியெல்லாம் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டு, இவளிடம் ஒரு வார்த்தை சொல்லாமல். கோமளாவுக்குக் கண்ணில் நீர் முட்டியது. ஒரு நாள் இவரும் தன்னைப் பார்த்து நீங்க யாராத்து மாமி என்று கேட்பாரா? கேட்டால் என்ன சொல்வது? பெயரைச் சொன்னால் போதுமா, ஊரைச் சொல்ல வேண்டுமா?

தட்டை எடுத்துக்கொண்டு போய்க் குழம்பைத் தொட்டியில் கொட்டினாள், குழாயைத் திறந்து விட்டாள். உப்பு எப்படி இத்தனை விழுந்தது? புளி கொதிக்கும்போது போட்டாள், அது நன்றாக ஞாபகம் இருக்கிறது. அப்புறம் சிலிண்டர்காரன் மணி அடித்தான், போய்க் கதவைத் திறந்தாள், பழைய சிலிண்டரை உருட்டிக் கொடுத்தாள், திரும்பி வந்தாள், உப்பு ஜாடி மேடையில் திறந்து இருந்தது, போட்டாள். இல்லை, வந்து போட்டதுதான் ஞாபகம் இருக்கிறதா, போகும் முன் போட்டதா? இரண்டும் ஞாபகம் இருக்கிறது, இரண்டுமே இப்போது யாரோ சொல்லிக் கேட்ட மாதிரி இருக்கிறது. சரி, யாருக்குத்தான் கை தவறாது. ஆயிரம் வேலைக்கு நடுவில் மணி அடித்தால் எவளுக்கும் தவறும். இப்போது அவளைப் பற்றியா பேச்சு, அவரைப் பற்றியல்லவா. கவலைப்படுவதற்கு ஆள் இருக்கும்போது தன்னைப் பற்றி யோசிப்பது கோமளாவுக்கு எந்தக் காலத்திலும் பழக்கமில்லை. பாத்திரம் தேய்க்கும்போது ஒரு யோசனை தோன்றியது. மூன்று மணிக் காபியில் சர்க்கரை போடாமல் கொடுத்துப் பார்த்தால் என்ன? அவருக்குச் சர்க்கரை தூக்கலாக வேண்டும், அரை ஸ்பூன் குறைந்தால் முகம் கோணும். முகத்தைக் கோணினால் பிழைத்தோம். உப்பு மட்டும்தான் போயிருக்கிறது, அதற்கு ஏதாவது மருந்து இருக்கும். கோணாவிட்டால். கோணாவிட்டால் என்கிற இடத்தில் நினைப்பு மாட்டிக்கொண்டது, அதற்கு மேல் போகமாட்டேன் என்று நின்றது, அவளும் அதை இழுக்கவில்லை. ஈரக் கையோடு நின்று கடிகாரத்தைப் பார்த்தாள். பெருமாளே, அவர் முகத்தைக் கோணட்டும் என்று வேண்டிக்கொண்டாள். எத்தனை வருஷமாக அந்த ஒரு சொல்லுக்காக அவர் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தோம், இன்றைக்கு அதைச் சொல்லிவிடக் கூடாதே என்று வேண்டிக்கொள்ளும்படி ஆயிற்றே என்று நினைத்தாள்.

மூன்று மணிக்குக் கட்டில் கிறீச்சிட்டது, அவர் எழுந்து முகம் அலம்புகிற சத்தம் கேட்டது. கோமளா பாலைப் பொங்கவிட்டு இறக்கினாள், டிகாஷனை ஊற்றினாள். சர்க்கரை டப்பாவைத் தொடவே இல்லை. போடவில்லை, போடவில்லை என்று வாய்க்குள் சொல்லிக்கொண்டே ஆற்றினாள், பின்னால் தனக்கே சந்தேகம் வந்துவிடக் கூடாதே என்று. கூடத்துக்குக் கொண்டுபோய் அவர் கையில் டபராவைக் கொடுத்துவிட்டு எதிரில் நின்றாள். அவர் ஒரு வாய் குடித்தார். தொண்டை ஏறி இறங்கியது. டம்ளருக்குள் ஒரு கணம் பார்த்தார். நிமிர்ந்து அவளைப் பார்த்தார்.

"தேவாமிர்தம்" என்றார்.

கோமளா அப்படியே தரையில் உட்கார்ந்தாள். "ஏன்னா, வெள்ளிக்கிழமை வரைக்கும் காத்துண்டிருக்க வேண்டாம். நாளைக்கே அந்த டாக்டர்ட்ட போயிடலாம்."

"என்ன ஆச்சு? எதுக்கு அழறே?"

"உங்க நாக்கு போயிடுத்து. உங்கண்ணாவுக்கு வந்த மாதிரியே வந்துடுத்து. இதுல சக்கரையே இல்ல. மத்தியானம் குழம்புல ஒரே உப்பு. ரெண்டையும் தேவாமிர்தம்ங்கறேள்."

சௌரிராஜன் டம்ளரைக் கீழே வைத்தார். "குழம்பு உனக்கு எப்படித் தெரியும்? நான்தான் மிச்சமே வெக்கலியே."

"நிவேதாவுக்குன்னு ஒரு கிண்ணம் எடுத்து வெச்சிருந்தேன்."

"ஓ" என்றார். "எனக்கு ஒண்ணும் இல்ல, கோமளா. நாக்கு நன்னாத்தான் இருக்கு. உப்பு ரெண்டு தரம் விழுந்திருக்கு. முதல் வாய்லயே தெரிஞ்சுது. காபில சக்கரை இல்லேன்னும் தெரியறது."

"தெரிஞ்சா ஏன் அப்படிச் சொன்னேள்?"

"வேற என்னத்தைச் சொல்றது? அன்னிக்கி எங்கம்மா வாசப்படில நின்னுண்டிருந்தா. பருப்புசிலி வாயில வெக்க முடியல. அவ ஒரு வாய் சாப்பிட்டிருந்தா உன்னை விட்டிருப்பாளா? அதான் அப்படிச் சொல்லிட்டு முழுக்கச் சாப்பிட்டேன். அதுலேந்து பழக்கமாயிடுத்து."

"அப்போ நன்னா இருந்தா?"

"நன்னா இருந்தா சாப்பிடுவேன். சாப்பிடறச்சே என்ன பேச்சு?"

கோமளா சிரித்துவிட்டாள். அழுகையும் சிரிப்பும் சேர்ந்து மூக்கு அடைத்துக்கொண்டது, தலைப்பால் துடைத்துக்கொண்டாள். நாக்கு போகவில்லை. அவருக்கு ஒன்றும் இல்லை. வாய் பேசாத மனுஷர் இத்தனை வருஷமாக எப்படி ஏமாற்றியிருக்கிறார், மாமியாரின் முகம் அன்றைக்குப் போன போக்குக்குப் பொறாமை என்றல்லவா பெயர் வைத்திருந்தாள். அப்பா போனபோதும் அப்படித்தானா, பார்கவி போனபோதும் அப்படித்தானா, அன்றைக்கெல்லாம் மனசு எங்கேயோ இருந்தது, கை எதையோ கிளறியது, அடிப்பிடித்தோ தீய்ந்தோ போயிருக்கும், அதை இவர் சுரண்டிச் சாப்பிட்டிருக்கிறார். கோபித்துக்கொள்ள வேண்டும் என்று தோன்றியது, கோபம் வரவில்லை, அவர் காலில் தலையைச் சாய்த்துக்கொள்ளலாம் போல் இருந்தது. அவர் ஒன்றும் சொல்லாமல் சாப்பிட்டு எழுந்த நாளெல்லாம், ஆயிரக்கணக்கான நாள், அத்தனையும் அவளுடைய நல்ல நாள். உடம்பு லேசாகிவிட்டது.

"பிரஷரை வெச்சுண்டு அத்தனை உப்பையா சாப்பிடுவா? நன்னாருக்கு. காபில நான் வேணும்னுதான் சக்கரை போடல, தெரியுமோ? உங்களைச் சோதிச்சுப் பாக்கத்தான்."

"சரி, கோமளா" என்றார் அவர்.

அந்தச் சரியைச் சொன்ன விதம். மெதுவாக, பதமாக, எதையும் உடைத்துவிடாமல். தேவாமிர்தம் என்று சொல்லுகிற அதே குரல். கோமளாவின் சிரிப்பு பாதியில் நின்றது. நிஜமாத்தான்னா, வேணும்னுதான் போடல என்று இன்னொரு தரம் சொல்ல வாயெடுத்தாள், சொன்னால் இன்னொரு தரம் சரி என்பார் என்று தெரிந்தது. இப்பல்லாம் வாய் திறந்து சொல்றாடி. யார் யாரிடம் சொன்னது? அவள்தான் சொன்னாள், பெருமையாக. பொங்கலன்றைக்குச் சொன்னார். துவாதசியன்றைக்குச் சொன்னார். போன வாரம் சொன்னார், மறுநாளும் சொன்னார், இந்த வாரம் திங்கட்கிழமை கூட்டுக்குச் சொன்னார், செவ்வாய்க்கிழமை சாத்தமுதுக்குச் சொன்னார், அன்றைக்கு அவள் வெறும் மோர் சாதம் சாப்பிட்டாள். ஒரு துளி மிச்சம் வெக்கறதில்லடி. பார்கவி ஏன் அத்தனை நேரம் பேசாமல் இருந்தாள்? கேஸை அணைச்சியோ. தாழ்ப்பாள். குமிழைத் தொட்டுப் பார்ப்பது. ஒவ்வொன்றாக வந்து அவள் முன்னால் திரும்பி நின்றது, திரும்பின பிறகு எல்லாவற்றிலும் அவள் முகம் இருந்தது.

"வெள்ளிக்கிழமை டாக்டர்" என்று ஆரம்பித்தாள். யாருக்கு என்று கேட்காமல் அவர் கை டம்ளரைப் பார்த்தாள்.

அவர் சர்க்கரை இல்லாத காபியைக் கடைசி வாய் வரைக்கும் குடித்தார். "ரெண்டு பேருமாப் போயிட்டு வந்துடுவோம்" என்றார். டபராவையும் டம்ளரையும் அவரே எடுத்துக்கொண்டு சமையலுள்ளுக்குப் போனார். கோமளா உட்கார்ந்த இடத்தில் உட்கார்ந்திருந்தாள். குழாய் திறந்து மூடுகிற சத்தம் கேட்டது, அப்புறம் கேஸ் குமிழைத் தொட்டுப் பார்க்கிற சின்னச் சத்தம் கேட்டது. அவள் பெருமாள் மாடத்தின் பக்கம் திரும்பினாள். காலையில் ஏற்றின விளக்கு மலையேறியிருந்தது. நாளைக்கு அவர் வாயே திறக்காமல் சாப்பிட வேண்டும், பெருமாளே, சாப்பிட்டுவிட்டு ஒன்றும் சொல்லாமல் எழுந்து போய்க் கை அலம்ப வேண்டும்.